ஓடும் பைத்தான் நிரலை நிறுத்தி, உள்ளே கன்சோல் திறப்பது எப்படி

நிரல் தப்பான விடை தருகிறது. எங்கே தப்பு என்று பார்க்க ஒரு பிரின்ட் வரி சேர்த்து மறுபடி ஓட்டுகிறோம். வந்த மதிப்பைப் பார்த்ததும் அடுத்த கேள்வி எழுகிறது. அதற்கு இன்னொரு பிரின்ட், இன்னொரு ஓட்டம். நிரல் இரண்டு நொடியில் முடிவதாக இருந்தால் இது பரவாயில்லை. நாற்பதாயிரம் வரிகளைப் படித்து, பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு வரியில் தடுக்கி விழும் நிரல் என்றால் ஒரு நாள் இப்படியே போய்விடும். நிரலைத் தப்பு நடக்கும் இடத்திலேயே நிறுத்தி, அதன் மாறிகள் எல்லாம் உயிரோடு இருக்கும்போது கேள்விகளைக் கேட்பதுதான் சரியான வழி. பைத்தானில் இதற்கான கருவி கூடவே வருகிறது. பிடிபி (pdb) என்று பெயர்; இது ஒரு டீபக்கர், அதாவது நிரலின் தப்பைத் தேட உதவும் கருவி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

உள்ளே போவது ஒரே வரி வேலை. எந்த ஃபிரேமில் (எந்த ஃபங்ஷனின் எந்த அழைப்பில்) நிற்கிறோம், நாம் தட்டுவது எந்த டெர்மினலிலிருந்து நிரலுக்குப் போகிறது, வெளியே வரும்போது நிரல் தொடருமா சாகுமா என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் போவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. இந்த வழிகாட்டி அதிக இடம் எடுத்துக்கொள்வது அவற்றுக்குத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சூழல் மாறிகள், சிக்னல்கள், உரிமைகள் ஆகியவற்றின் பெயர்கள் மட்டும் பேரெழுத்தில். எடுத்துக்காட்டில் வரும் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

நிறுத்தும் இடத்தைக் குறிப்பது

நிரல் எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் இப்படி ஒரு வரி:

பிரேக்பாயின்ட்()

அவ்வளவுதான். 2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல் இது மொழிக்குள்ளேயே இருக்கிறது. எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம். பழைய நிரல்களில் ‘இம்போர்ட் பிடிபி, பிடிபி.செட்_டிரேஸ்()’ என்று பார்த்தால் அதுவும் இதே வேலைதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பில் கணக்கு:

டெஃப் மொத்தம்(வரிகள்):
    கூட்டு = 0
    ஃபார் வரி இன் வரிகள்:
        கூட்டு += வரி['அளவு'] * வரி['விலை']
    ரிட்டர்ன் கூட்டு

லூப்புக்குள் சும்மா பிரேக்பாயின்ட் வைத்தால் நாற்பதாயிரம் முறை நிற்கும். நிபந்தனை போட்டு வையுங்கள்:

இஃப் நாட் இஸ்இன்ஸ்டன்ஸ்(வரி['விலை'], இன்ட்): பிரேக்பாயின்ட்()

இப்படி நிரலிலேயே நிபந்தனை எழுதுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. டீபக்கர் உள்ளே வரும்வரை நிரல் முழு வேகத்தில் ஓடும். டீபக்கருக்குள் இருந்துகொண்டு நிபந்தனையோடு நிறுத்தம் வைத்தால், நிரலின் போக்கை அது கூடவே கவனித்துக்கொண்டு வர வேண்டும். சூடான லூப்பில் அந்த மந்தம் நன்றாகவே தெரியும்.

நின்றதும் இரண்டு வரி தெரியும். முதல் வரியில் கோப்பின் பாதை, அடைப்புக்குறிக்குள் வரி எண், ஃபங்ஷனின் பெயர். இரண்டாவது வரியில் ஓர் அம்புக்குறியும் நிரலின் ஒரு வரியும். அம்பு காட்டும் வரி இன்னும் ஓடவில்லை; இனிமேல்தான் ஓடப்போகிறது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: அந்த வரியில் மதிப்பு வாங்கும் மாறியைக் கேட்டுவிட்டு, ‘அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறதே’ என்று குழம்புவார்கள். 3.13-க்கு முந்தைய பதிப்புகளில் அம்பு, பிரேக்பாயின்ட் வரிக்கு அடுத்த வரியில் நிற்கும். 3.13 முதல் பிரேக்பாயின்ட் வரியிலேயே நிற்கும். பழைய பதிப்பில் ஃபங்ஷனின் கடைசி வரியாக அதை வைத்தால், ஃபங்ஷன் திரும்பும் தறுவாயில் நிற்பதாகக் காட்டிக் குழப்பியதும் இதனால்தான்.

முதலில் கேட்க வேண்டியவை

உள்ளே வந்ததும் உடனே அடுத்த வரிக்குப் போகாதீர்கள். முதலில் ‘வேர்’ தட்டுங்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து நிற்கிறோம் என்ற முழுச் சங்கிலியும் வரும்; கடைசியில் இருப்பதுதான் நாம் நிற்கும் இடம். பிறகு ‘எல்எல்’ தட்டினால் இந்த ஃபங்ஷன் முழுவதும் வரி எண்களோடு வரும். ‘ஆர்க்ஸ்’ தட்டினால் இந்த ஃபங்ஷனுக்கு வந்த உள்ளீடுகள் வரும். இந்த மூன்றும் பத்து நொடி வேலை. பாதித் தப்புகள் இங்கேயே, ‘அட, இந்த வழியாகவா வந்தது’ என்று பிடிபட்டுவிடும்.

மதிப்பைப் பார்க்க ‘பி’ (p) என்ற ஓரெழுத்துக் கட்டளை. ‘பி வரி’ என்றால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

{'பொருள்': 'மிக்ஸி', 'அளவு': 2, 'விலை': '1,250'}

விலையைச் சுற்றி மேற்கோள் குறி இருப்பதைக் கவனியுங்கள். அது எண் அல்ல, சரம். பிரின்ட் செய்திருந்தால் 1,250 என்று மட்டும் அச்சாகி, எண் போலவே தெரிந்து ஏமாற்றியிருக்கும். ‘பி’ கட்டளை மதிப்பின் உண்மையான வடிவத்தைக் காட்டுவதால் சரமும் எண்ணும், வெறும் இடைவெளியும் புதுவரிக் குறியும் தனித்தனியாகத் தெரியும். பெரிய அகராதி, நீண்ட பட்டியல் என்றால் ‘பிபி’ தட்டுங்கள். மடித்து அழகாகக் காட்டும்.

சரத்தை 2-ஆல் பெருக்கினால் பைத்தான் குறை சொல்லாது. '1,2501,250' என்று இரண்டு முறை ஒட்டித் தந்துவிடும். அதை எண்ணோடு கூட்டும்போதுதான் நிரல் விழும். ஆக, தப்பு இந்த ஃபங்ஷனில் இல்லை. சரத்தை எண்ணாக மாற்றாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. ‘அப்’ தட்டினால் இந்த ஃபங்ஷனை அழைத்த இடத்துக்கு ஒரு படி ஏறுவோம். அங்குள்ள மாறிகளை அப்படியே கேட்கலாம். இன்னொரு ‘அப்’, இன்னொரு படி. திரும்பி இறங்க ‘டவுன்’. ஏறுவதாலும் இறங்குவதாலும் நிரல் நகர்வதில்லை. நம் பார்வை மட்டும்தான் நகர்கிறது. மேலே போய்ப் பார்த்தால், கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் ‘இஸ்டிஜிட்’ உண்மை என்று சொன்னால் மட்டும் எண்ணாக மாற்றுகிறது. காற்புள்ளி இருந்ததால் ‘இஸ்டிஜிட்’ பொய் என்று சொல்லியிருக்கிறது. அங்கேயே, அந்த வரியிலேயே, '1,250'.ரிப்ளேஸ்(',', '') என்று தட்டிப் பார்த்து, திருத்தம் சரியா என்று உறுதி செய்துகொண்ட பிறகு கோப்பைத் திருத்தலாம்.

ஒரு கண்ணி. பிடிபியின் கட்டளைகளுக்குச் சுருக்கமாக ஒற்றை ஆங்கில எழுத்து போதும். உங்கள் மாறிக்கும் அதே ஒற்றை எழுத்துப் பெயர் இருந்தால், மாறியைப் பார்க்க நினைத்துத் தட்டிய எழுத்து கட்டளையாகிவிடும். ‘சி’ என்று ஒரு மாறி இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்று அந்த எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால், நிரல் ‘கன்டினியூ’ ஆகி ஓடியே போய்விடும். பத்து நிமிடக் காத்திருப்பு வீண். எப்போதும் ‘பி’ போட்டுக் கேளுங்கள், அல்லது முன்னால் ஆச்சரியக்குறி வையுங்கள். ஆச்சரியக்குறிக்குப் பின் வருவதைக் கட்டளையாக எடுக்காது. இன்னொன்று: எதுவும் தட்டாமல் என்டர் மட்டும் அடித்தால் கடைசிக் கட்டளை மறுபடி ஓடும். ‘நெக்ஸ்ட்’ அடித்துவிட்டு யோசித்தபடியே என்டரைத் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு வரி தாண்டிப் போயிருப்பார்கள்.

நகர்வது

‘நெக்ஸ்ட்’ இந்த ஃபங்ஷனில் அடுத்த வரிக்குப் போகும். நடுவில் அழைக்கப்படும் ஃபங்ஷன்களை முழுதாக ஓட்டிவிடும். ‘ஸ்டெப்’ அந்த ஃபங்ஷன்களுக்குள் நுழையும். தெரியாமல் நுழைந்து ஏதோ நூலகத்தின் அடிவயிற்றில் நின்றால் ‘ரிட்டர்ன்’ தட்டுங்கள். அந்த ஃபங்ஷன் திரும்பும் இடம்வரை ஓடி நிற்கும். லூப்பின் கடைசி வரியில் ‘நெக்ஸ்ட்’ அடித்தால் மறுபடி மேலே போகும். லூப்பை முடித்துவிட்டு வெளியே நிற்க ‘அன்டில்’. விட்டுவிட ‘கன்டினியூ’.

உள்ளே இருந்தபடி புது நிறுத்தம் வைக்க ‘பிரேக்’ என்று தட்டி, கோப்புப் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், பிறகு காற்புள்ளி போட்டு நிபந்தனை:

பிரேக் பில்.பை:42, வரி['அளவு'] < 0

ஒரே ஒரு முறை நின்றால் போதும் என்றால் ‘டிபிரேக்’ (tbreak). நிற்காமல் ஒரு மதிப்பை மட்டும் அச்சிட்டுக்கொண்டு போக வேண்டுமானால், ‘கமாண்ட்ஸ் 1’ என்று தட்டி, அதன் கீழே ‘சைலன்ட்’, பிறகு ‘பி வரி’, பிறகு ‘கன்டினியூ’ என்று மூன்று வரி கொடுங்கள். முதல் நிறுத்தம் வரும்போதெல்லாம் அதுவே மதிப்பைச் சொல்லிவிட்டுத் தொடரும். கோப்பைத் தொடாமல் ஓடும் நிரலில் பிரின்ட் சேர்த்தது போல இது. ‘டிஸ்ப்ளே கூட்டு’ என்று வைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மதிப்பு மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் காட்டும்.

‘கன்டினியூ’ கொடுத்த பிறகு அவசரமாக மறுபடி உள்ளே வர வேண்டுமா? டெர்மினலில் கன்ட்ரோல்-சி அடியுங்கள். பிடிபி வழியாகத் தொடர்ந்த நிரலில் அது நிரலைக் கொல்லாது. அப்போது ஓடிக்கொண்டிருந்த வரியில் நிறுத்தி மறுபடி கன்சோல் தரும். முடிவில்லாமல் சுற்றும் லூப்பைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

முழுக் கன்சோல் வேண்டும்போது

பிடிபியின் உள்ளே ஒரு வரிக்கு மேல் நீளும் ஃபங்ஷன், லூப் போன்றவற்றைத் தட்டுவது சிரமம். ‘இன்டராக்ட்’ என்று தட்டினால் வழக்கமான பைத்தான் கன்சோலே திறக்கும். மூன்று கூர்க்குறிகள் தெரியும். நிற்கும் இடத்தின் மாறிகள் எல்லாம் அங்கே இருக்கும். பழைய பதிப்புகளில் இன்னொரு காரணத்துக்காகவும் இது தேவைப்படும். ‘[வரி for வரி in வரிகள் if …]’ என்ற பாணியில் ஒரு பட்டியலைச் சுருக்கமாகக் கட்டும்போதோ லாம்டா எழுதும்போதோ, கண்முன்னே இருக்கும் உள்மாறியைக்கூட ‘இல்லை’ என்று பிடிபி சொல்லும். ‘இன்டராக்ட்’டில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இங்கே மாறிக்குப் புது மதிப்பு கொடுத்தால் அது நிரலுக்குப் போய்ச் சேராது. இந்தக் கன்சோல் மாறிகளின் நகலை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்த்தால், அகராதியில் ஒரு மதிப்பை மாற்றினால், அது மட்டும் நிரலிலும் மாறும். பெயர்தான் நகல், பொருள் ஒன்றுதான். மாறியையே மாற்றிப் பார்க்க வேண்டுமானால் பிடிபிக்குத் திரும்பி அங்கே மாற்றுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல்-டி அடித்தால் திரும்பலாம். 3.13-க்கு முந்தைய பதிப்புகளில், பிடிபியில் மாற்றிய உள்மாறி, மேலே கீழே நகர்ந்த பிறகு சில நேரம் பழைய மதிப்புக்கே போய்விடும். மாற்றிய உடனே தொடருங்கள்.

பார்ப்பதும் சில நேரம் மாற்றுவதே. ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாக, ஒரு முறை மட்டும் தருவது) ஒன்றை லிஸ்ட் ஆக்கிப் பார்த்தால் அதிலிருந்தவை எல்லாம் தீர்ந்துவிடும். தொடர்ந்ததும் நிரலுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தின் கொரிசெட்டை (டேட்டாபேஸ் கேள்வியைக் குறிக்கும் பொருளை) ‘பி’ போட்டுப் பார்த்தால் அந்தக் கணமே டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி போகும். கோப்பிலிருந்து ஒரு வரி படித்துப் பார்த்தால் படிக்கும் இடம் ஒரு வரி நகர்ந்துவிடும். கேட்கும் முன் இது எதையாவது தின்றுவிடுமா என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

விழுந்த பிறகு உள்ளே போவது

எங்கே விழும் என்று தெரியாதபோது எங்கே நிறுத்தம் வைப்பது? வைக்க வேண்டாம். விழட்டும்.

பைத்தான் -எம் பிடிபி -சி கன்டினியூ பில்.பை

என்று ஓட்டினால், யாரும் பிடிக்காத பிழை வந்த இடத்தில் கன்சோல் திறக்கும். அந்தக் கணத்து மாறிகள் எல்லாம் இருக்கும். ‘அப்’, ‘டவுன்’, ‘பி’ எல்லாம் வேலை செய்யும். நிரல் செத்துவிட்டது, அதைத் தொடர வைக்க முடியாது, பார்க்க மட்டுமே முடியும். ‘கன்டினியூ’ அடித்தால் நிரலை முதலிலிருந்து மறுபடி தொடங்க பிடிபி தயாராகிவிடும். நிரல் பணம் அனுப்புவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்ற வேலை செய்வதாக இருந்தால் இதில் கவனமாக இருங்கள், வெளியேற ‘குவிட்’தான்.

பைடெஸ்ட் என்ற கருவியில் ஓட்டும் சோதனைகளுக்கு ‘பைடெஸ்ட் -எக்ஸ் --பிடிபி’. முதல் தோல்வியிலேயே நின்று கன்சோல் தரும். பைடெஸ்ட் திரை வெளியீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாலும், கன்சோல் திறக்கும்போது அதைத் தானே விட்டுவிடும். சோதனைகளைப் பல புராசஸ்களில் (தனித்தனியாக ஓடும் நிரல்களில்) பிரித்து ஓட்டுகிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டு ஒரே புராசஸில் ஓட்டுங்கள்.

நிரலுக்குள்ளேயே எக்செப்ட் பகுதி பிழையை விழுங்கிவிடுகிறது என்றால், அந்தப் பகுதிக்குள் ‘பிடிபி.போஸ்ட்_மார்ட்டம்()’ வையுங்கள். அங்கே வெறும் பிரேக்பாயின்ட் வைத்தால் எக்செப்ட் இருக்கும் ஃபங்ஷனில்தான் நிற்பீர்கள். பிழை பிறந்த ஃபிரேம் அதற்குக் கீழே எங்கோ இருக்கும். போஸ்ட்_மார்ட்டம் பிறந்த இடத்துக்கே கூட்டிப் போகும்.

டெர்மினல் இல்லாத இடங்கள்

‘என் கணினியில் நிற்கிறது, சர்வரில் போட்டால் நிற்காமல் பிழை காட்டி விழுகிறது’ என்ற புகாருக்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. கன்சோலுக்குத் தட்டச்சு வர ஓர் இடம் வேண்டும். சிஸ்டம்டி சேவையாகவோ (பின்னணியில்), க்ரானிலோ (நேரம் குறித்து), டெர்மினல் இணைக்காத கன்டெய்னரிலோ ஓடும் நிரலுக்கு உள்ளீடு என்று எதுவும் இல்லை. பிடிபி படிக்கப் போனதும் ‘கோப்பு முடிந்தது’ என்ற பதில் வரும். ‘வெளியேறச் சொல்கிறார்கள்’ என்று எடுத்துக்கொண்டு பிடிபிகுவிட் (BdbQuit) என்ற பிழையோடு நிரலை முடித்துவிடும். லாகில் பிடிபிகுவிட் என்று பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

டாக்கர் என்றால் ‘டாக்கர் ரன் -இட்’ என்று இணைத்து ஓட்டுங்கள். கம்போஸ் கோப்பில் அந்தச் சேவைக்கு ‘ஸ்டிடின்_ஓபன்: ட்ரூ’, ‘டிடிஒய்: ட்ரூ’ என்ற இரண்டு வரிகளும் வேண்டும்; ஒன்று மட்டும் போதாது. பிறகு ‘டாக்கர் அட்டாச்’ செய்தால் கன்சோல் கிடைக்கும். வெளியே வர கன்ட்ரோல்-பி (P), கன்ட்ரோல்-க்யூ இரண்டையும் அடுத்தடுத்து அடியுங்கள். பழக்க தோஷத்தில் கன்ட்ரோல்-சி அடித்தால் கன்டெய்னரே நின்றுவிடக்கூடும்.

மல்டிபுராசஸிங் மூலம் பிறந்த குழந்தைப் புராசஸ்களின் உள்ளீட்டை பைத்தானே வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே பிரேக்பாயின்ட் வைத்தாலும் அதே பிடிபிகுவிட்தான். சந்தேகப்படும் ஃபங்ஷனை, பூல் எதுவும் இல்லாமல், முதன்மைப் புராசஸிலிருந்து நேரடியாக அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது போதும்.

வலைச் சர்வர்களில் வேறு தொல்லைகள். கனிகார்ன் சர்வரில் வொர்க்கர் (வேண்டுகோள்களைக் கவனிக்கும் துணைப் புராசஸ்) 30 நொடி சத்தமில்லாமல் இருந்தால் தலைமைப் புராசஸ் அதைக் கொன்றுவிடும். அதுதான் இயல்பான அமைப்பு. நீங்கள் கன்சோலில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காலடி நிலம் போய்விடும். டீபக் செய்யும்போது ‘--வொர்க்கர்ஸ் 1 --டைம்அவுட் 0’ என்று ஓட்டுங்கள். ஜாங்கோவின் ரன்சர்வரில் ‘--நோரீலோட் --நோத்ரெட்டிங்’ சேருங்கள். திரெட்டுகளை (ஒரே புராசஸுக்குள் கூடவே ஓடும் இழைகளை) விலக்கவில்லை என்றால் இரண்டு வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் நின்று ஒரே டெர்மினலுக்குச் சண்டை போடும். நீங்கள் தட்டும் வரி யாருக்குப் போகிறது என்றே தெரியாது. ரீலோட் விலகவில்லை என்றால், நின்றிருக்கும்போது கோப்பைச் சேமித்த உடனே சர்வர் மறுபடி தொடங்கும்; அதன்பின் டெர்மினலில் தட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது ‘ஸ்டிடிஒய் சேன்’ என்று குருட்டாம்போக்கில் தட்டி என்டர் அடித்தால் சரியாகும்.

டெர்மினல் இணைக்கவே வழியில்லை என்றால் ‘ரிமோட்-பிடிபி’ என்ற பொதியை நிறுவிக்கொள்ளலாம். அது ஒரு போர்ட்டில் காத்திருக்கும். டெல்நெட் அல்லது என்சி மூலம் இணையலாம். கடவுச்சொல் எதுவும் கேட்காது. இணைபவர் யாராக இருந்தாலும் அந்த நிரலின் உரிமையோடு எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். அதனால் 127.0.0.1 தவிர வேறு முகவரியில் திறக்கவே கூடாது. தொலைவிலிருந்து வர எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போடுங்கள்.

ஏற்கெனவே சிக்கி நிற்கும் நிரல்

மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த நிரல் இப்போது அசையாமல் நிற்கிறது. நிறுத்தம் எதுவும் வைத்திருக்கவில்லை. நிறுத்தி மறுபடி ஓட்டினால் சான்று போய்விடும்.

முதலில் கை வைக்காமல் பாருங்கள். ‘பை-ஸ்பை’ என்ற கருவியில் ‘பை-ஸ்பை டம்ப் --பிஐடி’ என்று புராசஸ் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று சொல்லும். ‘--லோக்கல்ஸ்’ சேர்த்தால் உள்மாறிகளின் மதிப்பும் வரும். இது நிரலின் நினைவகத்தை வெளியிலிருந்து படிப்பதால் நிரலுக்குள் எதையும் ஓட்டுவதில்லை. சிக்கி நிற்கும் நிரலுக்கு முதல் மருந்து இதுதான். பல நேரங்களில் கன்சோலே தேவைப்படாது. லினக்ஸில் பெரும்பாலும் சூடோ வேண்டும். டாக்கருக்குள் ஓட்டினால் ‘சிஸ்_பிட்ரேஸ்’ உரிமை சேர்த்திருக்க வேண்டும்.

2025 அக்டோபரில் வந்த பைத்தான் 3.14-இல், ஓடும் நிரலோடு பிடிபியையே இணைக்கலாம்:

பைத்தான் -எம் பிடிபி -பி 4821

‘-பி’ என்பது -p, கடைசியில் இருப்பது புராசஸ் எண். முன்னேற்பாடு எதுவும் வேண்டாம். இரண்டு நிபந்தனைகள். இணைக்கும் பைத்தானும் இணைக்கப்படும் பைத்தானும் ஒரே பதிப்பாக, இரண்டும் 3.14 என்பது போல, இருக்க வேண்டும். அந்தப் புராசஸைத் தொட உரிமை வேண்டும். மேக்கில் ரூட், லினக்ஸில் கெர்னல் அமைப்பைப் பொறுத்து சூடோ. இணைந்ததாகத் தெரிந்தும் கன்சோல் வரவில்லை என்றால் பதறாதீர்கள். பைத்தானின் அடுத்த கட்டளை ஓடும்போதுதான் பிடிபி உள்ளே நுழைய முடியும். நெட்வொர்க் பதிலுக்காகவோ லாக்குக்காகவோ முதன்மைத் திரெட் காத்திருந்தால், அது விடுபடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த வசதி யாருக்கும் வேண்டாம் என்று நினைக்கும் சர்வரில் ‘பைத்தான்_டிசேபிள்_ரிமோட்_டீபக்’ என்ற சூழல் மாறியை 1 ஆக வைத்து மூடலாம்.

பழைய பதிப்புகளில் முன்கூட்டியே ஒரு ஜன்னல் வைத்துவிடுவது நல்லது. நிரலின் தொடக்கத்தில் இரண்டு வரி:

இம்போர்ட் ஃபால்ட்ஹேண்ட்லர், சிக்னல்
ஃபால்ட்ஹேண்ட்லர்.ரெஜிஸ்டர்(சிக்னல்.சிக்யூஎஸ்ஆர்1)

பிறகு எப்போது வேண்டுமானாலும் ‘கில் -யூஎஸ்ஆர்1’ என்று புராசஸ் எண்ணோடு அனுப்பினால், எல்லாத் திரெட்டுகளும் நிற்கும் இடங்கள் பிழை வெளியீட்டில் அச்சாகும், நிரல் தொடரும். முதன்மைத் திரெட் சி நூலகத்துக்குள் சிக்கியிருந்தாலும் இது வேலை செய்யும். பைத்தானில் எழுதிய சாதாரண சிக்னல் ஃபங்ஷன் அந்த நிலையில் ஓடவே ஓடாது. விண்டோஸில் இந்த வழி கிடையாது. மிக முக்கியமான எச்சரிக்கை: இந்த இரண்டு வரி இல்லாத புராசஸுக்கு அதே சிக்னலை அனுப்பினால் அது செத்துவிடும். யூஎஸ்ஆர்1-இன் இயல்பான விளைவே அதுதான். புராசஸ் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

நிற்கும் நேரத்தில் வெளியே நடப்பது

நிரல் நின்றாலும் உலகம் நிற்பதில்லை. நடுவில் நிறுத்திய டேட்டாபேஸ் பரிவர்த்தனை, பூட்டிய வரிகளைப் பூட்டியபடியே வைத்திருக்கும். அதே வரிகளுக்காக மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். மறுமுனையில் இருக்கும் சர்வர் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டிக்கும். நீங்கள் தொடர்ந்ததும் வரும் இணைப்புப் பிழை நீங்கள் தேடிய பிழை அல்ல, நீங்கள் நின்றதால் பிறந்தது. பிடிபி நிறுத்துவது ஒரு திரெட்டை மட்டும். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் கண்முன்னேயே பொதுவான பட்டியலை மாற்றும். அசின்க்ஐஓ நிரலில் (பல டாஸ்க்குகளை ஒரே லூப் மாறி மாறி ஓட்டும் வகை) கதை தலைகீழ்: ஒரே லூப் என்பதால் ஒரு டாஸ்க் நின்றால் எல்லாமே நின்றுவிடும். நிஜப் பயனர்கள் இருக்கும் சர்வரில் கன்சோல் திறப்பதைக் கடைசி வழியாகவே வையுங்கள். பை-ஸ்பையும் ஃபால்ட்ஹேண்ட்லரும் முதலில்.

வெளியே வருவது

நிரல் தொடர வேண்டும் என்றால் ‘கன்டினியூ’. ‘குவிட்’ நிரலைக் கொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேலை முடிந்தது என்று ‘குவிட்’ அடித்து ஓடும் சேவையை வீழ்த்துவது அடிக்கடி நடப்பது, அதனால்தான் 3.14-இல், பிரேக்பாயின்ட் வழியாக நுழைந்தவர் ‘குவிட்’ அடித்தால் ‘உறுதியா’ என்று கேட்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் வெறும் என்டர் அடித்தால் ‘ஆம்’ என்றே பொருள். லூப்புக்குள் இருக்கும் பிரேக்பாயின்ட் திரும்பத் திரும்பப் பிடித்தால், நிரலைக் கொல்லாமலே அதை ஊமையாக்கலாம்: கன்சோலிலேயே ‘இம்போர்ட் ஓஎஸ்’ தட்டி, ஓஎஸ்.என்விரான்['பைத்தான்பிரேக்பாயின்ட்'] = '0' என்று வைத்துத் தொடருங்கள். ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் அந்தச் சூழல் மாறியைப் பிரேக்பாயின்ட் பார்ப்பதால், அடுத்த முறை முதல் அது ஒன்றும் செய்யாமல் தாண்டிவிடும். பிடிபிக்குள் ‘பிரேக்’ கட்டளையால் வைத்த நிறுத்தங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை ‘கிளியர்’ போட்டு நீக்குங்கள். நிறுத்தம் ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் ‘கன்டினியூ’ கொடுத்தால் பிடிபி தன் கண்காணிப்பைக் கழற்றிவிடும். நிரல் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

சர்வரில் இதே சூழல் மாறியை எப்போதும் 0 ஆகவே வைத்திருங்கள். யாரோ மறந்து விட்ட வரி அங்கே போனாலும் நிரல் நிற்காது. பழைய பாணியில் எழுதிய ‘பிடிபி.செட்_டிரேஸ்()’ இந்த மாறிக்குக் கட்டுப்படாது. கமிட்டுக்கு முன் ஓடும் ப்ரீ-கமிட் கருவியின் ‘டீபக்-ஸ்டேட்மென்ட்ஸ்’ சோதனையோ நிரலைச் சோதிக்கும் ரஃப் கருவியின் டி100 (T100) விதியோ இருந்தால், இரண்டு வகை வரிகளும் கமிட் ஆகும் முன்பே பிடிபட்டுவிடும்.